ஒரே சீரம், இரண்டு செல் லைன், இரண்டு விடை: எதை நம்புவது?

ஆய்வு_முதலாண்டு கேட்டது:

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. எச்ஐவி தடுப்பூசிக்காக உருவாக்கிய ஒரு புரதத்தை முயலுக்குப் போட்டு, அந்த முயலின் சீரம் வைரஸை முடக்குகிறதா என்று பார்ப்பது என் வேலை. எனக்குத் தமிழில் யோசித்தால்தான் விஷயம் பிடிபடுகிறது. அதனால் இங்கே கேட்கிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் வழக்கமாக டிஇசட்எம்-பிஎல் செல்லில்தான் சோதனை. நான்கு முயல்களின் சீரத்தையும் சி வகை வைரஸ் மூன்றுக்கு எதிராகப் பார்த்தேன். மூன்றும் டயர்-2, அதாவது எளிதில் மசியாத ரகம். ஒன்றுமே கிடைக்கவில்லை. ஐடி50 (வைரஸ் பாதியாகக் குறையும் நீர்த்தல் அளவு) எல்லாம் 20க்குக் கீழே. முதல் நீர்த்தலிலேயே வைரஸ் பாதி அளவுகூடக் குறையவில்லை.

பக்கத்து ஆய்வகத்தில் ஏ3ஆர்5 என்ற டி-செல் லைன் வைத்திருக்கிறார்கள். அதே சீரங்களை அதில் போட்டுப் பார்த்தால் இரண்டு முயல்களுக்கு 110, 145 என்று வருகிறது. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் கிட்டத்தட்ட அதே எண்.

இப்போது என் சந்தேகம் இரண்டு. எந்த எண்ணை நம்புவது? அப்புறம், எச்ஐவி தாக்குவது டி-செல்லை. டிஇசட்எம்-பிஎல் என்பதோ கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து வந்த செல் என்கிறார்கள். இதில் ஏன் உலகமே சோதிக்கிறது? வழிகாட்டியிடம் கேட்டால் "எல்லோரும் அதில்தான் செய்கிறார்கள்" என்கிறார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

இன்னொரு செய்தி, இது மகிழ்ச்சியானது. எச்ஐவியோடு வாழும் 12 பேரின் பிளாஸ்மாவும் எங்களுக்கு வந்திருந்தது. அதில் ஒன்று, பார்த்த ஆறு வைரஸையும் முடக்குகிறது. ஐடி50 எல்லாமே 500க்கும் 700க்கும் நடுவே. இது டிஇசட்எம்-பிஎல்லில் வந்த எண்தான். இரவு பதினொன்றரைக்குத் தட்டைப் படித்துவிட்டு அம்மாவை எழுப்பிச் சொன்னேன்.

---

புள்ளிக்கணக்கு எழுதியது:

என் துறை தரவு ஆய்வு, பைபெட் பிடித்ததில்லை. ஆனாலும் பொது அறிவுப்படி பார்த்தால் டி-செல்லில் வந்த விடைதானே உடம்புக்கு நெருக்கமானது? ஏ3ஆர்5 எண்ணை முதன்மையாக எழுதுங்கள். மூன்று முறையும் ஒத்து வந்திருக்கிறது என்பதே வலுவான சான்று.

---

செல்அறை எழுதியது:

பதினைந்து ஆண்டுக்கும் மேலாக இந்தச் செல்லோடுதான் இருக்கிறேன். காலையில் இன்குபேட்டரைத் திறந்து, ஃபிளாஸ்க்கை மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்குக் காபி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்தச் செல்லின் பிறப்பு. 1951இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண் சிகிச்சைக்கு வந்தார். வயது 31. ஐந்து பிள்ளைகளின் தாய். அவருடைய கட்டியிலிருந்து ஒரு துணுக்கை அவரிடம் கேட்காமலே ஆய்வுக்கு எடுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அவர் இறந்துபோனார். அந்தத் துணுக்கிலிருந்து வளர்ந்த ஹீலா செல் இன்றும் பெருகிக்கொண்டிருக்கிறது. உங்கள் ஃபிளாஸ்க்கில் இருப்பதும் அவருடைய செல்தான். என்னிடம் பயிற்சிக்கு வருகிற எல்லோருக்கும் முதல் நாள் இதைத்தான் சொல்வேன். டிரிப்சின் (செல்லைக் கழற்றும் நொதி) போன்ற கைவேலை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஹீலா செல்லின் மேல் சிடி4, சிசிஆர்5 என்ற ஏற்பிகள் கிடையாது. சிஎக்ஸ்சிஆர்4 மட்டும் இயல்பாக உண்டு. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் எச்ஐவி பெரும்பாலும் சிடி4, சிசிஆர்5 இரண்டையும் பிடித்துத்தான் உள்ளே போகும். ஆகவே வெறும் ஹீலாவுக்குள் அது நுழையாது. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் டேவிட் கபாட்டின் ஆய்வகத்தில், ஹீலா செல்களில் இந்த ஏற்பிகளை வெவ்வேறு அளவில் வைத்து, அளவு மாறினால் தொற்று எப்படி மாறுகிறது என்று 1990களின் பிற்பகுதியில் பார்த்தார்கள். அந்த வரிசையில் வந்த ஒரு செல் ஜேசி53. சிடி4, சிசிஆர்5 இரண்டும் தாராளமாக உள்ளது. அலபாமா பல்கலைக்கழகம் பர்மிங்காமில் ஜான் கேப்பஸும் சியாவுன் வூவும் அதை எடுத்து, உள்ளே இரண்டு அறிவிப்பு மரபணுக்களைச் சேர்த்தார்கள். ஒன்று மின்மினிப் பூச்சியின் லூசிஃபெரேஸ், இன்னொன்று ஈ.கோலையின் பீட்டா-கேலக்டோசிடேஸ். இரண்டுமே எச்ஐவியின் சொந்த எல்டிஆர் என்ற தூண்டுபகுதியின் கட்டுப்பாட்டில். முதலில் ஜேசி53-பிஎல் என்றார்கள், பிறகு டிஇசட்எம்-பிஎல்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. வைரஸ் உள்ளே போய்ச் செல்லின் டிஎன்ஏவில் உட்கார்ந்தால் டாட் என்ற புரதத்தை உண்டாக்கும். அது எல்டிஆரைத் தூண்டும், லூசிஃபெரேஸ் உருவாகும், அதற்கான வினைப்பொருளை நாம் ஊற்றினால் வெளிச்சம் வரும். சீரம் வைரஸை முடக்கிவிட்டால் வெளிச்சம் குறையும். நாம் படிக்கிற ஆர்எல்யூ எண் அந்த வெளிச்சம்தான். நுழைவு, மரபுப்பொருள் படியெடுப்பு, டிஎன்ஏவில் சேர்வது ஆகிய மூன்றும் நடந்தால்தான் முழு வெளிச்சம் வரும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பிளாஸ்மா விஷயத்துக்குத் திரும்பி வருவேன்.

இனி, ஏன் டி-செல் இல்லை என்ற கேள்வி. புள்ளிக்கணக்கு சொன்னதை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தத் துறை அந்த வழியில் ஒருமுறை போய் அடிபட்டிருக்கிறது. 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் சோதனை பெரும்பாலும் டி-செல் லைன்களில்தான் நடந்தது. எச்9, எம்டி-2 போன்றவை. வைரஸ்களும் அந்தச் செல்களிலேயே பலமுறை வளர்த்துப் பழகியவை: ஐஐஐபி, எம்என். ஜிபி120 (வைரஸின் மேலுறைப் புரதம்) தடுப்பூசி போட்டவர்களின் சீரம் அவற்றை அருமையாக முடக்கியது. எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது. அப்புறம் நோயாளிகளிடமிருந்து நேரடியாக எடுத்த வைரஸை, புதிதாகப் பிரித்த ரத்த வெள்ளணுக்களில் சோதித்தார்கள். அதே சீரம் அங்கே ஏறக்குறைய ஒன்றுமே செய்யவில்லை. செல் லைனில் பழகிய வைரஸ் தன் மேலுறையைத் தளர்த்திக்கொண்டு, ஆன்டிபாடிக்கு வாசலைத் திறந்து வைத்திருந்தது. 1994 ஜூனில் அந்தத் தடுப்பூசிகளைப் பெரிய களச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று அமெரிக்க அரசு முடிவெடுத்ததில் இதற்கும் பங்கு உண்டு. பிறகு தனியார் முயற்சியில் ஜிபி120 தடுப்பூசி 5,000 பேருக்கு மேல் சேர்ந்த களச் சோதனையில் பார்க்கப்பட்டது. 2003இல் பாதுகாப்பு இல்லை என்று தெரிந்தது. டி-செல் என்ற பெயர் அங்கே யாரையும் காப்பாற்றவில்லை.

"சரி, புதிதாகப் பிரித்த வெள்ளணுக்களிலேயே எப்போதும் செய்யலாமே" என்பீர்கள். செய்தார்கள், நானும் செய்திருக்கிறேன். ரத்தம் கொடுத்தவர் மாறினால் எண் மாறும். ஒருவருடைய செல்லில் வைரஸ் நன்றாக வளரும், இன்னொருவருடையதில் சுணங்கும். இரண்டு ஆய்வகங்களின் விடையை ஒப்பிடவே முடியாது. நூறு சீரம், பன்னிரண்டு வைரஸ் என்று வந்தால் ஆளும் நாளும் போதாது.

டிஇசட்எம்-பிஎல் அந்தத் தொல்லையைத்தான் தீர்த்தது. உடம்பைப் போலவே இருக்கிறது என்று யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. எந்த ஊரில் செய்தாலும் ஒரே செல், ஒரே மாதிரிப் படிப்பு, இரண்டு நாளில் விடை. டியூக் பல்கலைக்கழகத்தில் டேவிட் மான்டிஃபியோரியின் குழு இதை வரிவரியாக வகுத்து, பல நாட்டு ஆய்வகங்களுக்கு ஒரே சீரத்தை அனுப்பி விடை பொருந்துகிறதா என்று பார்த்தது. 2010இல் 109 வைரஸ்களை டயர் வாரியாகப் பிரித்ததும், 2014இல் உலகத் தொகுப்பு என்று 12 வைரஸ்களைத் தேர்ந்ததும் இந்தச் செல்லில் வந்த எண்களை வைத்துத்தான். நீங்கள் "டயர்-2" என்று எழுதும்போதே இந்தச் செல்லின் அளவுகோலைத்தான் பேசுகிறீர்கள்.

அதற்காக இதில் குறை இல்லை என்று சொல்லவில்லை. சிசிஆர்5 இயல்பான டி-செல்லில் இருப்பதைவிட மிக அதிகம். நுழைவு அவ்வளவு சுலபமாக இருப்பதால், பலவீனமான ஆன்டிபாடி இதில் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். ஆன்டிபாடியின் வால்பகுதியைப் பிடிக்கும் எஃப்சி ஏற்பிகள் கிடையாது. 2எஃப்5, 4இ10 என்ற ஆன்டிபாடிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றை இதே செல்லில் எஃப்சி காமா ஏற்பி-1 சேர்த்துப் பார்த்தபோது திறன் 5,000 மடங்கு வரை கூடியது. 2009இல் வந்த செய்தி அது. இன்னொன்றும் உண்டு. எலியின் ரெட்ரோவைரஸ் ஒன்று இந்தச் செல்லில் குடியிருக்கிறது என்று 2008இல் கண்டுபிடித்தார்கள். அப்போது எனக்கு வயிறு கலங்கியது உண்மை. அடுத்த ஆண்டே கபாட் குழுவும் மான்டிஃபியோரி குழுவும் சேர்ந்து சோதித்து, அந்த வைரஸ் முடக்கச் சோதனையின் விடையை மாற்றவில்லை என்று காட்டினார்கள்.

இப்போது உங்கள் இரண்டு எண். செல் மட்டும்தான் மாறியது என்று நினைக்கிறீர்கள். இல்லை, மூன்று மாறியிருக்கிறது. டிஇசட்எம்-பிஎல்லில் நீங்கள் போட்டது போலி வைரஸ்தானே? 293டி செல்லில், எச்ஐவி மேலுறை மரபணு உள்ள பிளாஸ்மிடையும் (வளைய டிஎன்ஏ) மேலுறை இல்லாத முதுகெலும்பு பிளாஸ்மிடையும் சேர்த்து உண்டாக்கியது. அது ஒரே ஒரு சுற்றுதான் தொற்றும். ஏ3ஆர்5இல் போலி வைரஸ் சரிவர எடுக்காது, அதனால் ரெனில்லா லூசிஃபெரேஸ் சுமக்கும் முழு வைரஸ் குளோனைத்தான் போட்டிருப்பார்கள். அது பல சுற்று பெருகும். படித்ததும் இரண்டாம் நாள் அல்ல, நான்காம் நாளாக இருக்கும். செல் வேறு, வைரஸ் வேறு, நாள் வேறு.

அதே முழு வைரஸை டிஇசட்எம்-பிஎல்லிலும் போடுங்கள். பெருகும் வைரஸ் என்பதால் இன்டினாவிர் என்ற எச்ஐவி மருந்தை 1 மைக்ரோமோலார் சேர்த்து ஒரு சுற்றோடு நிறுத்த வேண்டும். பாதுகாப்பு அறையின் நிலையையும் கேட்டுக்கொள்ளுங்கள், இது போலி வைரஸ் இல்லை. அப்போதுதான் எது செல்லால் வந்தது, எது வைரஸால் வந்தது என்று பிரியும்.

ஏ3ஆர்5 பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. தாய்லாந்தில் 16,000 பேருக்கு மேல் நடந்த ஆர்வி144 தடுப்பூசிச் சோதனைக்குப் பிறகுதான் அந்தச் செல் பரவலாகப் பேசப்பட்டது. 2009இல் 31 சதவீதப் பாதுகாப்பு என்று வந்தது. ஆனால் டிஇசட்எம்-பிஎல்லில் டயர்-2 வைரஸுக்கு எதிராக அந்தச் சீரங்களில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. இன்னும் கூர்மையாகப் பார்க்கக்கூடிய செல் வேண்டும் என்ற தேவை அங்கே எழுந்தது. ஏ3ஆர்5 அதற்கு உதவும், மங்கலானதையும் காட்டும். உங்கள் முயலில் ஏதோ ஒன்று முளைத்திருக்கிறது என்று அது சொல்கிறது. அது டயர்-2வை முடக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டதா என்றால், டிஇசட்எம்-பிஎல் இன்னும் இல்லை என்கிறது. இரண்டையும் எழுதுங்கள், எந்தச் செல் எந்த வைரஸ் என்று பக்கத்திலேயே போட்டு எழுதுங்கள். இரண்டு எண்ணையும் ஒரே பத்தியில் வைத்துச் சராசரி மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

கடைசியாக, அந்தப் பிளாஸ்மா. ஆறு வைரஸுக்கும் ஏறக்குறைய ஒரே எண் வந்தது என்றீர்கள். எனக்கு அது கவலையாக இருக்கிறது. உண்மையான ஆன்டிபாடி வைரஸுக்கு வைரஸ் ஏற்றத்தாழ்வு காட்டும்: ஒன்றில் 2,000, இன்னொன்றில் 60, மற்றொன்றில் பூஜ்யம். மூன்று கேள்வி. எம்எல்வி (எலி வைரஸின் மேலுறை கொண்ட போலி வைரஸ்) கட்டுப்பாட்டுத் தட்டு ஓட்டினீர்களா? ரத்தம் எந்தக் குழாயில் வந்தது, உறையாமல் தடுக்க ஹெப்பாரின் போட்டதா? கொடுத்தவர் ஏஆர்டி (எச்ஐவி சிகிச்சை) மாத்திரை சாப்பிடுகிறவரா?

---

ஆய்வு_முதலாண்டு எழுதியது:

அக்கா (அப்படிக் கூப்பிடலாம் அல்லவா), முயல் பகுதி தெளிவாகிவிட்டது. ஏ3ஆர்5இல் போட்டது முழு வைரஸ்தான், நான்காம் நாள் படித்ததுதான். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

பிளாஸ்மா விஷயம்: குழாய் ஈடிடிஏ, ஹெப்பாரின் இல்லை. எம்எல்வி ஓட்டவில்லை. வைரஸ் ஸ்டாக் தீர்ந்திருந்தது, "அடுத்த முறை" என்று விட்டுவிட்டேன். மாத்திரை பற்றி வந்த தாளில் ஒன்றும் இல்லை. இன்று காலை எம்எல்வி போலி வைரஸ் தயாரிக்க 293டி செல்லில் பிளாஸ்மிடைப் போட்டுவிட்டேன். இரண்டு நாள் ஆகும். எனக்குப் பயமாக இருக்கிறது.

---

செல்அறை எழுதியது:

தாராளமாகக் கூப்பிடுங்கள்.

பயத்தைக் குறைக்க முடியாது, ஆனால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் சேர்ந்த மூன்றாம் ஆண்டு. வேறொரு ஊர், வேறொரு ஆய்வகம். 40 பேரின் பிளாஸ்மா வந்தது. அதில் ஒன்பது பேருடையது எல்லா வைரஸையும் அடித்தது. அகலமாக முடக்கும் ஆன்டிபாடி ஒன்பது பேரிடம்! பிஜி9, பிஜி16 என்ற அப்படிப்பட்ட இரண்டு ஆன்டிபாடிகள் வந்து உலகமே பேசிக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஆன்டிபாடிகளுக்காக 1,800 பேரின் ரத்தத்தைச் சலித்திருந்தார்கள், நமக்கோ 40 பேரிலேயே ஒன்பது. அந்தக் கணக்கே எங்களைத் தட்டி எழுப்பியிருக்க வேண்டும். எழுப்பவில்லை. நான்கு மாதம் அந்த ஒன்பது மாதிரிகளின் பின்னாலேயே ஓடினேன். எந்தப் பகுதியைப் பிடிக்கிறது என்று பார்க்க மேலுறையில் மாற்றம் செய்த வைரஸ்கள் பதினேழு தயாரித்தேன். எந்த மாற்றம் செய்தாலும் எண் அசையவே இல்லை. அதையும் "புதிய இலக்காக இருக்கும்" என்று எழுதிவைத்தேன்.

பிறகு வந்த ஒரு மூத்த தொழில்நுட்பர், என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எம்எல்வி எங்கே?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். ஓட்டினேன். ஒன்பதும் எம்எல்வியையும் அதே அளவு முடக்கியது. எம்எல்வி போலி வைரஸின் மேலுறை எலி வைரஸுடையது, உள்ளே இருப்பது எச்ஐவியின் முதுகெலும்பு. எச்ஐவி ஆன்டிபாடிக்கு அந்த மேலுறையைத் தெரியவே தெரியாது. அந்த ஒன்பது பேரும் ஏஆர்டி எடுக்கிறவர்கள். மாதிரி அனுப்பிய இடத்தில் அந்தத் தகவலைத் தாளில் சேர்க்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவர்களுடைய ரத்தத்தில் இருந்த மாத்திரைதான் வைரஸைத் தடுத்திருக்கிறது. முன்பே சொன்னேன் அல்லவா, படியெடுப்பும் டிஎன்ஏவில் சேர்வதும் நடந்தால்தான் வெளிச்சம். டெனோஃபோவிர் முதலாவதைத் தடுக்கும், டோலுடெக்ராவிர் போன்றவை இரண்டாவதைத் தடுக்கும். ஆன்டிபாடி நுழைவை நிறுத்தினாலும், மருந்து உள்ளே போன பிறகு நிறுத்தினாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: வெளிச்சம் குறைவு. செல்லுக்கு வித்தியாசம் தெரியாது.

     ஆகவே மாத்திரை எடுப்பவரின் பிளாஸ்மா என்றால் ஆன்டிபாடியைப் பிடிக்கும் புரோட்டீன்-ஜி நிரப்பிய குழாயில் ஏற்றி ஐஜிஜி ஆன்டிபாடியைத் தனியாகப் பிரித்து, மருந்தைக் கழுவிவிட்டு, பிறகுதான் சோதிக்க வேண்டும்.

நான்கு மாதம் போனது எனக்கு இன்றும் வலிக்கிறது. அதைவிட அதிகம் வலித்தது, ரத்தம் கொடுத்தவர்களிடம் "உங்கள் ரத்தத்தில் அரிய ஒன்று இருக்கிறது" என்று மருத்துவர் மூலம் சொல்லி, இன்னொரு முறை ரத்தம் வாங்கியிருந்தோம். அதில் ஒரு அம்மா இரண்டு பேருந்து மாறி வந்தார்.

---

புள்ளிக்கணக்கு எழுதியது:

நான் முதலில் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மூன்று முறை ஒத்து வருவது வேறு, சரியாக இருப்பது வேறு என்பது என் வேலையில் தினமும் சொல்வது. இங்கே மறந்துவிட்டேன்.

ஒரு கேள்வி எனக்கும் இருக்கிறது. எல்லோரும் ஒரே செல்லில் செய்வதால் எண்களை ஒப்பிடலாம், சரி. ஆனால் அந்த எண்ணுக்கும் ஒரு மனிதருக்குத் தொற்று வருமா வராதா என்பதற்கும் தொடர்பு இருக்கிறது என்று யாராவது காட்டியிருக்கிறார்களா? இல்லாவிட்டால் எல்லோரும் சேர்ந்து ஒரே தவறான அளவுகோலைப் பிடித்திருக்கலாமே. அப்புறம், சும்மா ஆன்டிபாடி புரதத்தோடு ஒட்டுகிறதா என்று எலைசாவில் பார்த்தால் போதாதா? செலவும் குறைவு.

---

செல்அறை எழுதியது:

இது மிக முக்கியமான கேள்வி. பல ஆண்டுகள் எங்களிடம் இதற்கு விடை இல்லை. குரங்குகளில் இருந்தது, மனிதரில் இல்லை.

விடை வந்தது ஏஎம்பி சோதனைகளில். விஆர்சி01 என்ற ஆன்டிபாடியை எட்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றி, தொற்று குறைகிறதா என்று பார்த்தார்கள். அமெரிக்கா, தென் அமெரிக்கா, சுவிட்சர்லாந்தில் ஒரு சோதனை, 2,699 பேர். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் இன்னொன்று, 1,924 பெண்கள். 2021இல் முடிவு வெளியானது. மொத்தமாகப் பார்த்தால் தோல்வி, தொற்று குறிப்பிடும்படி குறையவில்லை. ஆனால் தொற்றிய ஒவ்வொருவரின் வைரஸிலிருந்தும் மேலுறையை எடுத்து, போலி வைரஸாக்கி, இதே டிஇசட்எம்-பிஎல்லில் போட்டுப் பார்த்தார்கள். 80 சதவீதம் முடக்க மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கும் குறைவான விஆர்சி01 போதும் என்ற வைரஸ்களை மட்டும் எடுத்துக்கொண்டால், பாதுகாப்பு 75 சதவீதம். கடினமான வைரஸ்கள் ஆன்டிபாடி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் ஒரே அளவில் தொற்றியிருந்தன. அதாவது எங்கள் பிளாஸ்டிக் தட்டில் முடங்கிய வைரஸ், மனித உடம்பிலும் முடங்கியது.

அந்தக் கட்டுரையை முதலில் படித்தபோது நான் எழுந்து இன்குபேட்டர் பக்கம் போய் நின்றேன். சும்மா நின்றேன். அவ்வளவு ஆண்டு எண்ணிய எண்ணுக்கு ஒரு மனிதரிடம் பொருள் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. இது விஆர்சி01 போன்ற, நுழைவை நேராக மறிக்கும் ஆன்டிபாடிக்கு. எஃப்சி வழியாக வேலை செய்பவற்றுக்கு இதே நம்பிக்கை வைக்க மாட்டேன்.

எலைசா பற்றி: பிஜி9, பிஜி16 கதையே பதில். ஆப்பிரிக்கக் கொடையாளி ஒருவரின் சுமார் 30,000 பி-செல்களைப் பிரித்து, ஒவ்வொன்றும் சுரந்ததைச் செல்லில் வைத்து வைரஸை முடக்குகிறதா என்று பார்த்தார்கள். அந்த முறை பயன்பட்டது டிஇசட்எம்-பிஎல் அல்ல, யு87 என்ற மூளைக்கட்டிச் செல்லில் ஏற்பிகளைச் சேர்த்தது. கிடைத்த இந்த இரண்டும் சோதனையில் இருந்த ஜிபி120, ஜிபி41 புரதங்களோடு சரியாக ஒட்டவே இல்லை. வைரஸின் மேல் மூன்றாகச் சேர்ந்து நிற்கும் முழு வடிவத்தைத்தான் அவை பிடிக்கும். எலைசாவில் மட்டும் சலித்திருந்தால் இரண்டும் கழிவுத் தொட்டிக்குப் போயிருக்கும். ஒட்டுவது வேறு, முடக்குவது வேறு.

---

ஆய்வு_முதலாண்டு எழுதியது:

அக்கா, விடை வந்துவிட்டது. எம்எல்வி ஐடி50: 540.

மருத்துவமனையில் விசாரித்தோம். அவர் ஒன்றரை ஆண்டாக டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரை எடுக்கிறார். புரோட்டீன்-ஜி குழாயில் ஏற்றி ஐஜிஜியைப் பிரித்து மறுபடி ஓட்டினேன். ஆறில் ஐந்து வைரஸுக்கு ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்றில், எளிதில் மசியும் ஒரு டயர்-1 வைரஸில், கொஞ்சம் மிஞ்சியது. அவருக்கு எல்லோரையும் போலச் சாதாரண ஆன்டிபாடிதான். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அவர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று தெரிந்ததே" என்றார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

மற்ற 11 பேரின் மாத்திரை விவரத்தையும் கேட்டு வாங்கிவிட்டேன். எட்டுப் பேர் எடுக்கிறார்கள். அந்த எட்டையும் ஐஜிஜி பிரித்துத்தான் இனி ஓட்டுவேன்.

முயல்: முழு வைரஸை டிஇசட்எம்-பிஎல்லில் இன்டினாவிரோடு போட்டேன். ஏ3ஆர்5இல் 145 வந்த முயலுக்கு 31. இன்னொன்றுக்கு இன்னும் 20க்குக் கீழே. ஆக வைரஸ் மாறியதால் கொஞ்சம், செல்லும் நாளும் மாறியதால் மீதி, அப்படித்தானே? இரண்டு எண்ணையும் தனித்தனிப் பட்டியலில் போட்டு வழிகாட்டிக்கு அனுப்பினேன். "இந்த 31ஐ எப்படி மேலே கொண்டுபோவது என்று யோசி" என்று எழுதியிருக்கிறார். இரண்டாவது ஊக்க ஊசி அடுத்த மாதம்.

ஒரு சந்தேகம். இந்த வாரம் வைரஸ் மட்டும் போட்ட குழியிலேயே வெளிச்சம் குறைந்துகொண்டே வருகிறது. முன்பு ஒன்றரை லட்சம், இப்போது நாற்பதாயிரம். செல் மட்டும் உள்ள குழியைப் போலப் பத்து மடங்காவது இருக்கிறது, அதனால் தட்டு செல்லுபடியாகும். ஆனாலும் ஏன்?

---

செல்அறை எழுதியது:

31 நல்ல தொடக்கம். அதை மனதார வாழ்த்துகிறேன். பிரிப்புக் கணக்கும் சரி. எந்தப் பங்கு செல்லுடையது, எது நாளுடையது என்று பிரிக்க இன்னொரு தட்டு வேண்டும், இப்போதைக்கு அது தேவையில்லை. ஊக்க ஊசிக்குப் பிறகும் இதே வைரஸ் ஸ்டாக்கைத்தான் போட வேண்டும், இப்போதே போதுமான அளவு குப்பிகளை ஒதுக்கி உறைய வையுங்கள்.

வெளிச்சம் குறைவது பற்றி: உங்கள் செல் எத்தனையாவது பாசேஜ் (எத்தனை முறை பிரித்து வளர்த்தது)? அதை முதலில் பாருங்கள். நாங்கள் 60ஐத் தாண்ட விடுவதில்லை. டிரிப்சினில் நிறைய நேரம் விடுகிறீர்களா? செல் கழன்றதும் உடனே மீடியம் ஊற்றி நிறுத்துங்கள், அதிகம் விட்டால் மேலே உள்ள ஏற்பிகளும் வெட்டுப்படும். ஃபிளாஸ்க் நிரம்பி வழியும்வரை காத்திருக்காதீர்கள். தொற்றைக் கூட்டச் சேர்க்கிற டீஇஏஇ-டெக்ஸ்ட்ரான் புதிய பாட்டிலா? லாட் மாறினால் அளவை மறுபடி சோதிக்க வேண்டும், குறைந்தால் தொற்று குறையும், கூடினால் செல் சாகும். செல்லைக் கெடுக்கும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியா இருக்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

இவை எல்லாம் சரி என்றால் இப்போதைய ஃபிளாஸ்க்கை விட்டுவிட்டு, நைட்ரஜன் தொட்டியிலிருந்து பழைய பாசேஜ் குப்பி ஒன்றை எடுத்து உருக்குங்கள். 37 டிகிரி தண்ணீரில், ஓரத்தில் கடுகளவு ஐஸ் மிஞ்சும்போதே வெளியே எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகு இரண்டு முறை பிரித்து வளர்த்த பின்தான் தட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். எண் என்ன வந்தது என்று எழுதுங்கள், பார்க்கிறேன்.